சிங்கத்துக்கும் புலிக்கும் நடுவில் ஒரு முழம்

மண்ணூர்பேட்டையில் இன்றைக்கு என் பேரில் மூன்று பட்டறை ஓடுகிறது. மூன்றும் நானே கால் ஊன்றி எழுப்பியது, எவன் அப்பன் சொத்தும் அதில் இல்லை. படிப்பு என்று கேட்டால் இரண்டாவது வகுப்பு, அதிலும் பாதி நாள் ஏரிக்கரையில்தான். ஆனால் பேப்பர் படிப்பேன், கணக்கு மனசுக்குள்ளேயே போடுவேன், இதோ இப்படி உட்கார்ந்து எழுதவும் செய்கிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் ஆவடியில் சிங்கத்துக்கும் புலிக்கும் கறி போட்டவன் நான். கல்யாண வீடு, எலக்‌ஷன் கூட்டம், பஸ் ஸ்டாண்டு என்று இதைச் சொல்லாத இடம் கிடையாது. சொன்னதெல்லாம் பாதிதான். மீதிப் பாதியை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். ஆவடியில் பட்டாளத்துக்கென்று ஊர் ஊராக நிலத்தை எடுத்து, கொட்டகை போட்டு, புதுசாகத் தண்டவாளம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒற்றை மாட்டு வண்டியில் ஜல்லி ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ரயிலில் ஒரு சர்க்கஸ் கம்பெனி வந்து ஸ்டேஷனுக்குப் பக்கத்து மைதானத்தில் இறங்கியது. பத்து நாள் ஆட்டம் நடத்திவிட்டு வேறு ஊருக்குப் போவதாகத்தான் திட்டம். பத்து நாள் முடிந்தது, வேகன் கொடுக்கவில்லை. வேகனெல்லாம் பட்டாளத்துக்கு என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மாசம் போனது. இரண்டு மாசம் போனது. ஒரே யானையை ஒரே ஊர்க்காரன் எத்தனை தரம் பார்ப்பான்? ஆட்டம் நின்றது. கம்பியில் நடந்த பெண்கள் மைதானத்துச் சாணியைப் பொறுக்கி வரட்டி தட்டினார்கள். யானை கேம்ப்புக்கு மரம் இழுக்கப் போனது. குதிரையைப் பட்டாளம் வாங்கிக்கொண்டது. யாருக்கும் எதற்கும் உதவாமல் மிஞ்சியது ஒரு ஆண் சிங்கமும், ஒரு பெண் புலியும், பல் போன ஒரு சிறுத்தையும்தான். போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் அதுகள் கூண்டுக்குள்ளும் மற்றவர்கள் வெளியிலுமாகக் கிடந்தார்கள்.

அந்த வேலையை எனக்கு யாரும் சிபாரிசு பண்ணவில்லை. நானாகவே போய் நின்றேன். "கறிக்குத் தவிக்கிறீங்களாமே, நான் கொண்டாந்து போடறேன்" என்றேன். வேலைக்கு ஆகாத கிழட்டு மாடு எந்த ஊரில் விழுகிறது என்று திருவேற்காட்டிலிருந்து பட்டாபிராம் வரைக்கும் எனக்குத் தெரியும். துணைக்கு என் மச்சானைச் சேர்த்துக்கொண்டேன். மச்சான் என்றால் என் பெண்சாதியின் தம்பி. என்னைவிட இரண்டு வயசு சின்னவன், என்னைவிட ஒரு சாண் உயரம், வாய் மட்டும் என் அளவுக்கு இருக்கும்.

கறி போடுவதற்கு ஒரு முறை உண்டு. மிருகங்களைப் பழக்கும் மாஸ்டர் தலைச்சேரிப் பக்கத்து ஆள். இடது கையில் இரண்டு விரல் கிடையாது. எது கொண்டுபோனது என்று நான் கேட்டதில்லை. முதல் நாளே எங்கள் இரண்டு பேரையும் நிறுத்திவைத்துச் சொன்னார்.

"எடோ, இவங்க பசி வயித்துல இல்ல, கண்ணுல. பக்கத்துல இருக்கிறவன் தின்னுறதைப் பார்த்தா போச்சு. தான் தின்னுறதை விட்டுட்டு அவன் தின்னுறதுக்குப் போவாங்க. ஒரு ஆள் சிங்கத்துக்கு முன்னால, ஒரு ஆள் புலிக்கு முன்னால. நான் விசில் அடிச்சா ரெண்டு பேரும் ஒண்ணா நீட்டணும். முன்ன பின்ன ஆகக் கூடாது."

"ஆனா இன்னா ஆவும் மாஸ்டர்?" என்று மச்சான் கேட்டான்.

மாஸ்டர் அந்த இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

கூண்டு நின்ற விதத்தையும் சொல்லிவிட வேண்டும். இரண்டும் நாலு சக்கரம் வைத்த கூண்டு வண்டி. மைதானத்தில் நிழல் என்பது ஒரே ஒரு தூங்குமூஞ்சி மரத்தடிதான். அதனால் இரண்டையும் அங்கேயே, முதுகும் முதுகும் பார்க்கிற மாதிரி நிறுத்தியிருந்தார்கள். கூண்டின் பின்பக்கத்துக் கம்பிக்குப் பலகை மூடி உண்டு. சித்திரை வெயிலில் மூச்சு முட்டுகிறது என்று மாஸ்டர் பலகையைக் கழற்றிவிட்டு, இரண்டு கூண்டுக்கும் நடுவில் ஒரு படுதாவைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். காற்று வரும், ஒன்றின் முகம் மற்றதற்குத் தெரியாது. அந்தச் சந்து நாலு முழம் அகலம். ஒரு கோடியில் ரயில்வேக்காரர்கள் தண்டவாளக் கட்டையை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி அடைத்திருந்தார்கள். திறந்திருந்த கோடியில், புலிக் கூண்டு கொஞ்சம் கோணலாக நின்றதால், இரண்டரை முழம்தான் இருந்தது. வாய் குறுகல், உள்ளே அகலம். ஏரியில் மீனுக்கு வைக்கிற பறி மாதிரி.

ஆடி மாசம் வந்தது. மச்சானின் மகளுக்கு அம்மை போட்டு இறங்கியிருந்தது. பிழைத்தால் தீச்சட்டி எடுக்கிறேன் என்று எங்கள் ஊர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு கையில் காப்புக் கட்டியிருந்தான். காப்புக் கட்டினால் பத்து நாளைக்கு மாமிசத்தை மோந்துகூடப் பார்க்கக் கூடாது. காப்புக் கட்டின மறுநாள் வெள்ளிக்கிழமை. வண்டியில் பதினோரு மணிக்கெல்லாம் கறியோடு கிளம்பிவிட்டோம். அவன் மாட்டை ஓட்டினான். பின்னால் கூடை இருக்கிற பக்கம் திரும்பவே இல்லை.

"கறியை நான் தொட மாட்டேன் மாமே. இப்பவே சொல்லிட்டேன்."

"வண்டியை ஓட்டு. தொடறதை நான் பாத்துக்கிறேன்."

"ரெண்டு பேரு செய்ற வேலையை ஒர்த்தனா எப்டி செய்வே? உனுக்கின்னா நாலு கையா கீது?"

"ரெண்டு கை போதும்டா. மூளை கீது இல்ல."

"அத்த எந்த ஊட்ல அடமானம் வெச்சிகீறேன்னு சொல்லு, நான் மூட்டுகினு வர்றேன்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாஸ்டர் இல்லை. வேகன் கேட்டு தினமும் ஸ்டேஷனுக்கு ஒரு மனுவைத் தூக்கிக்கொண்டு போவார், அன்றைக்குச் சீக்கிரமே போய்விட்டார். அவர் வருகிற வரைக்கும் காத்திருந்திருக்கலாம். நான் காத்திருக்கிற ஜாதி இல்லை. காத்திருந்தால் இன்றைக்கும் ஜல்லிதான் ஓட்டிக்கொண்டிருப்பேன். எனக்கு ஒரு யோசனை வந்தது. முன்பக்கமாகப் போட்டால்தானே இரண்டு ஆள் வேண்டும்? நடுச் சந்தில் நின்றுகொண்டால் ஒருத்தனே வலது கையால் ஒன்றுக்கும் இடது கையால் ஒன்றுக்கும் ஒரே சமயத்தில் நீட்டலாமே. இத்தனை வருஷம் சர்க்கஸ் நடத்தியவர்களுக்கு இது தோன்றவில்லையே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

சிறுத்தைக்கென்று வைத்திருந்த இரண்டு விலா எலும்பை மட்டும் கூடையில் வெளியே விட்டேன். பெரிய துண்டு இரண்டையும் இரண்டு இரும்பு முள்ளில் குத்தி எடுத்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்தேன். படுதாவின் கயிறு கட்டை அடுக்குப் பக்கம் கட்டியிருந்தது. அதை அவிழ்த்துப் படுதாவைச் சுருட்டி மேலே ஏற்றினேன். மச்சான் வாசலில் நின்று எட்டிப் பார்த்தான்.

"மாமே, வாணாம். மாஸ்டர் வரட்டும்."

"பார்றா நீ" என்று சொல்லி இரண்டு கையையும் விரித்து நீட்டினேன்.

ஒரே சமயத்தில்தான் நீட்டினேன். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. புலி சட்டென்று இழுத்துக்கொண்டது. சிங்கம் வாயைத் திறந்தது, ஆனால் கடிக்கவில்லை. அதற்குத் தன் முன்னால் இருந்த கறி தெரியவில்லை. எனக்குப் பின்னால் புலியின் வாயில் இருந்த கறிதான் தெரிந்தது. ஒரு அறை விட்டது பாருங்கள், என் கையிலிருந்த முள் பறந்து போய்க் கட்டை அடுக்கில் மோதியது. கறி என் காலடியில் விழுந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் புலியும் தன்னுடையதைக் காலுக்கடியில் போட்டு மிதித்துக்கொண்டு, என் காலடியில் கிடந்த துண்டுக்காகக் கம்பிக்கு வெளியே கையை விட்டது. வயிறு நிறையத் தின்ன இருக்கிறதை விட்டுவிட்டு அடுத்தவன் பங்குக்கு வந்து நின்றது.

இரண்டு பக்கத்திலிருந்தும் ஒன்றரை முழம் கை வந்தது. நாலு முழத்தில் மூன்று போனால் மிச்சம் ஒரு முழம். அந்த ஒரு முழத்தில் நான் நின்றேன். இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, பக்கவாட்டில், மூச்சைக்கூடக் குறுக்கிக்கொண்டு நின்றேன். குனிந்து கறியை எடுக்கலாம் என்றால் தலை ஏதாவது ஒரு பக்கம் போயாக வேண்டும். வாசலுக்கு நகரலாம் என்றால் அங்கே அகலமே இரண்டரை முழம், நான் நகர நகர இரண்டும் கம்பியோரமாகக் கூடவே வந்தன. கட்டை அடுக்கில் ஏறலாம் என்று ஒரு கை வைத்தேன். வெயிலில் தார் இளகிப் பிசுபிசுத்து வழுக்கியது. அப்படி ஒரு கை தூக்கினதற்கே சட்டையின் தோள் போய்விட்டது.

"மச்சான்!"

"கம்முனு நில்லு மாமே. அசையாத."

"நின்னுகினுதான்டா கீறேன்!"

சத்தத்தைப் பற்றி என்ன சொல்வது. கேட்டது காதால் இல்லை, பல்லால். சிங்கத்தின் மூச்சு ஒரு கன்னத்தில், புலியின் மூச்சு மறு கன்னத்தில். இரண்டு மூச்சும் வேறு வேறு நாற்றம். அதற்குள் இன்னொன்றைக் கவனித்தேன். புலி ஒவ்வொரு தரம் கம்பியில் மோதும்போதும் அதன் வண்டி ஆடியது. சக்கரத்துக்கு அண்டக் கொடுத்திருந்த செங்கல் நொறுங்கிக்கொண்டிருந்தது. மோதும்போதெல்லாம் வண்டி ஒரு விரற்கடை என் பக்கம் உருண்டது. ஒரு முழம் என்பது முக்கால் முழம் ஆயிற்று.

"மச்சான், வண்டி உருள்றா! இது உள்ள வந்துச்சின்னா நான் சட்னி!"

"தெரீது மாமே, தெரீது."

"ஒண்ணையாவது முன்பக்கம் இழு. கூடையில வெலா எலும்பு கீது, காட்டு!"

அவன் வாசலை விட்டு நகரவில்லை. கூடை அவன் காலுக்குப் பக்கத்தில் இருந்தது. முள் இரண்டும் என்னோடு உள்ளே கிடந்தன. தொட வேண்டும் என்றால் வெறும் கையால்தான் தொட வேண்டும். அவன் கையில் மஞ்சள் காப்பு. அவன் பார்த்தது அதைத்தான் என்று எனக்கு அங்கிருந்தே தெரிந்தது.

"மாஸ்டரை இட்டாரட்டா? ஓடிப் போய் இட்டாந்துர்றேன்."

"நீ ஸ்டேஷனுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள என்னைக் கூடையில அள்ளணும்டா!"

"நேத்துதான் மாமே கட்டினேன். பொண்ணு இன்னும் எழுந்து நடக்கல."

வாழ்க்கையில் நான் ஒருத்தனைக் கெஞ்சினது கிடையாது. வட்டிக்காரனைக் கெஞ்சினதில்லை, பட்டாளத்து ஆபீசரைக் கெஞ்சினதில்லை. அங்கேயும் கெஞ்சவில்லை. கெஞ்சக் குரல் வரவில்லை என்பதுதான் உண்மை. அந்தப் பெண்ணை நான் மடியில் வைத்து வேப்பிலையால் விசிறியிருக்கிறேன். அவள் பேரைச் சொல்லி ஒருத்தன் எப்படிக் கேட்பான்? புலி மறுபடி மோதியது. செங்கல் பொடிகிற சத்தம் கேட்டது. சிங்கத்தின் நகம் என் முதுகில் ஒரு கோடு இழுத்தது. வலி இல்லை, சூடாக மட்டும் இருந்தது.

பிறகு மச்சான் குனிந்தான். கூடைக்குள் கையை விட்டான். ஒரு விலா எலும்பை வெறும் கையால் தூக்கினான். அம்மனைத்தானோ என்னைத்தானோ, வாய்க்குள் ஏதோ திட்டினான்.

முதலில் சிங்கத்துக்கு முன்னால் ஓடினான். கம்பியில் எலும்பைத் தட்டி, மாஸ்டர் கத்துகிற மாதிரியே கத்தினான். சிங்கம் காதைக்கூட அசைக்கவில்லை. புலியை விட்டு அதன் கண் நகரவே இல்லை.

"இது திரும்பல மாமே! கஸ்மாலம், செவுடா இது?"

"புலியாண்ட போ!"

சுற்றிக்கொண்டு புலிக்கு முன்னால் ஓடினான். எலும்பைக் கம்பிக்கு உள்ளே பாதி நுழைத்தான். முள் இல்லாமல் வெறும் கையால், மணிக்கட்டு வரைக்கும் நுழைத்தான். நான் புலியின் தோளுக்கு மேலாக அவன் கையைப் பார்த்தேன். புலிக்கு வாசனை தட்டியது. கழுத்தை மட்டும் திருப்பியது. புலி திரும்பியதைச் சிங்கம் பார்த்தது. அதற்கு என் காலடிக் கறி போதும் என்று இல்லை, புலி எதைப் பார்க்கிறதோ அதைத் தானும் பார்க்க வேண்டும். தலையைத் தூக்கி அந்தப் பக்கம் எட்டியது. ஒரே ஒரு கணம், இரண்டில் எதுவும் என் பக்கம் இல்லை. புலி உடம்பைத் திருப்பி முன்பக்கம் பாய்ந்தது. நான் முதுகைப் புலிக் கூண்டின் கம்பியோடு தேய்த்துக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடினேன். சிங்கத்தின் கை வந்தது. சட்டையின் மிச்சமும் போனது. வாசலுக்கு வெளியே மண்ணில் விழுந்தேன்.

மச்சான் நிற்கவில்லை. இரண்டாவது எலும்பை எடுத்துக்கொண்டு சிங்கத்துக்கு முன்னால் போனான். புலி கண்ணில் படாத பக்கம் போய்த் தின்ன ஆரம்பித்துவிட்டதால் இந்தத் தரம் சிங்கமும் திரும்பியது, வாங்கிக்கொண்டது. சத்தம் நின்றது. எலும்பு நொறுங்குகிற ஓசை மட்டும் இரண்டு பக்கமும் கேட்டது.

இந்த இடத்தைத்தான் நான் இத்தனை வருஷமாக மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்தேன். நானே எலும்பை எட்டி உதைத்து இரண்டையும் பிரித்துவிட்டு வெளியே வந்ததாகச் சொல்வேன். மச்சான் பல தரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். "ஆமா, மாமன் கில்லாடி" என்பான். கண்ணால் மட்டும் சிரிப்பான். அவன் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கதையைச் சொன்னால் எனக்கே நாக்கு தடுக்கிறது.

அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. முழங்கை வரைக்கும் கறி ரத்தம் வழிந்த கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றான். காப்பில் மஞ்சளே தெரியவில்லை.

"மச்சான், நான் ஊட்ல சொல்ல மாட்டேன்" என்றேன்.

"ஊட்ல சொல்லாட்டி? சொல்ல வேண்டியவளுக்குத் தெரியாமயா போவும்?" என்றான். கை கழுவக் குளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டே, "போட்டும் வுடு. எங்கக்கா தாலிக்குத்தான தொட்டேன்னு அவளாண்டயே சொல்லிக்கிறேன். உன் மூஞ்சிக்காவ இல்ல. சாவு கிராக்கி" என்றான்.

சொன்னபடி பத்தாம் நாள் தீச்சட்டி எடுத்தான். பெண்ணும் எழுந்து நடந்தாள், இன்றைக்குப் பேரன் எடுத்துவிட்டாள். எவனாவது தீட்டைப் பற்றிப் பேச வந்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

அவன் குளத்துக்குப் போனதும் நான் தனியாக இருந்தேன். மாஸ்டர் வருவதற்குள் படுதாவை இறக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் தின்று முடித்ததும் திரும்பவும் ஆரம்பிக்கும். சிறுத்தைக்குச் சேர வேண்டியது இதுகளுக்குப் போய்விட்டதால், சந்துக்குள் விழுந்து கிடந்த துண்டையும் எடுத்தாக வேண்டும். சக்கரத்துக்குப் புதுச் செங்கல் வைத்தேன், இரண்டு இரண்டாக. பிறகு வாசலில் போய் நின்றேன். கால் உள்ளே போகவில்லை. என்னைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அந்த இரண்டரை முழ வாசலில் வந்து நின்றுவிட்டது. வெயில் நகர்ந்தது. கடைசியில் போனேன்.

இரண்டும் படுத்திருந்தன. சிங்கம் எலும்பை முன்னங்காலுக்கு நடுவில் வைத்து நக்கிக்கொண்டிருந்தது. புலி மிதித்து வைத்திருந்த பெரிய துண்டை மோந்துகூடப் பார்க்காமல் கண்ணை மூடிக் கிடந்தது. நான் கயிற்றை அவிழ்த்தேன், படுதா சரிந்து விழுகிற சத்தத்துக்குச் சிங்கம் தலையைத் தூக்கியது. என்னை நேராகப் பார்த்தது. மரத்தைப் பார்க்கிற மாதிரி, சக்கரத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு மறுபடி எலும்புக்குக் குனிந்தது. அத்தனை நேரமும் அதுகள் என்னைத் தின்ன வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதுகளுடைய சண்டையில் நான் ஒரு ஆளே இல்லை. ஒன்றையொன்று பார்ப்பதற்குக் குறுக்கே நின்றிருக்கிறேன், அவ்வளவுதான்.

கறித் துண்டை மண் தட்டி எடுத்துக்கொண்டேன். சந்து இப்போது காலியாக, அகலமாக இருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேராகவே நடந்து வந்திருக்கலாம். பக்கவாட்டில், இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டுதான் வெளியே வந்தேன்.